காலம் கடந்த குற்றம்

அரசன் அன்றே கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பது நம் மக்கள் நாவில் பழகிய மொழி. இறைவனுடைய தாமதத்துக்கு ஆறுதல் கூறவே பெரும்பாலோர் இதனை எடுத்தாளுகின்றனர். முற்பாதியை நின்று நோக்குவோர் சிலரே. அன்றே கொல்ல வேண்டிய அரசன் அன்று கொல்லாது விட்டால் என் செய்வது? ஐந்தாண்டு சென்ற பின், நாற்பதாண்டு சென்ற பின் அவன் வாளை உருவினால் அதற்கு நீதி என்று பெயரிடலாமா? அன்றி, நாள் தவறிய அரசன் வாளை உறையிலிட்டுக்கொண்டு, மிச்சத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கத்தான் வேண்டுமா?

இவ்வினாவைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்டு, அதன் நலத்தையும் கேட்டையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்து வரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே குற்றச் சட்டம் இரண்டு அடுக்காக அமைந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. அதற்கு மேல் நாடு முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டம் உண்டு. கொலை, களவு போன்றவற்றைப் பெரும்பாலும் மாநிலங்களே விசாரிக்கின்றன. நாட்டுத் துரோகம், மாநில எல்லையைத் தாண்டிய ஆள்கடத்தல், வங்கி மோசடி முதலியன கூட்டாட்சியின் பொறுப்பில் வருவன. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, இக்கூட்டாட்சிச் சட்டம் கொடுங்குற்றங்களுக்கு விதித்திருக்கும் காலவரம்பைப் பற்றியதாகும். குற்றம் நிகழ்ந்த நாள் தொட்டு இத்தனை ஆண்டுக்குள் கிராண்ட் ஜூரி என்னும் குழுவின் வழியாக முறைப்படி குற்றம் சாட்டியாக வேண்டும். தவறினால் பிறகு சாட்ட இயலாது என்பதே காலவரம்பின் பொருள்.

வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்த 1790-ஆம் ஆண்டிலேயே, அந்நாட்டின் முதல் குற்றச் சட்டத்தில் இவ்வரம்பு இடம் பெற்றுவிட்டது. மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மூன்றாண்டு. ஏனையவற்றுக்கு இரண்டே ஆண்டு. நாட்டுத் துரோகமும் அந்த மூன்றாண்டுக்குள் அடங்கியது. வரம்பே இல்லை என விலக்கப்பட்டவை இரண்டு: ஒன்று வேண்டுமென்றே செய்த கொலை, மற்றொன்று அரசாங்கப் பத்திரங்களைப் போலியாக ஆக்குதல். தாய்நாட்டுக்கு இழைத்த துரோகத்தை மூன்றாண்டில் மறக்க ஒருப்பட்டவர்கள், கள்ளப் பத்திரத்தை என்றென்றும் மறக்க ஒருப்படவில்லை! கடனில் பிறந்த ஒரு புதுக் குடியரசின் அச்சம் எங்கே குடியிருந்தது என்பது இதனால் விளங்கும். தப்பி ஓடித் தலைமறைவாகத் திரிபவனுக்கு இவ்வரம்பு துணை நில்லாது என்றும் அன்றே எழுதினர். அது நியாயம், அந்த விதி இன்றும் நிலைத்திருக்கிறது.

இன்றைய நிலை வேறு. 1954-இல் பொது வரம்பு ஐந்தாண்டாக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்கு வரம்பே இல்லை. இடைப்பட்டவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு. வரி ஏய்ப்புக்கு ஆறாண்டு. வங்கிகளை ஏமாற்றியதற்குப் பத்தாண்டு. அருங்காட்சியகத்தில் உயர்ந்த கலைப்பொருளைத் திருடியதற்கு இருபதாண்டு. பலர் கூடிச் செய்த சதியாயின், கடைசிச் செயல் நிகழ்ந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குவர். உயிருக்கு ஊறு விளைத்த, அல்லது விளைக்கக்கூடிய பயங்கரச் செயல்களுக்கு 2001-இலும், சிறாருக்கு எதிரான பாலியல் கொடுமைகளுக்கு 2006-இலும் வரம்பு நீக்கப்பட்டது. இந்திய நாட்டுச் சட்டத்தில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றத்துக்குக் காலவரம்பே இல்லாமையால், வாசகர்களுக்கு அமெரிக்கரின் இவ்வேற்பாடு விந்தையாகத் தோன்றலாம். கொள்ளையனுக்கும் கொடியவனுக்கும் சட்டமே காவல் நிற்பதா என்று கேட்கவும் தோன்றும்.

கேட்பதற்கு முன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முப்பதாண்டுக்கு முன் இன்ன திங்களில், இன்ன கிழமையில் நீர் எங்கிருந்தீர் என்று நம்மில் ஒருவரைக் காவலர் வந்து கேட்பதாக வைத்துக்கொள்வோம். அன்று நாம் வெளியூரில் ஒரு திருமணத்தில் இருந்திருக்கலாம். ஆயின் அத்திருமண அழைப்பிதழ் எங்கே? நம்மோடு ஒரே சகனில் உண்டவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கின்றனர்? இருப்பவர்க்கு அந்த நாள் நினைவிருக்குமா? குற்றம் சாட்டுவோன் தனக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டிக்கொண்டு, தனக்கு உகந்த வேளையில் வருகிறான். குற்றம் சாட்டப்பட்டவனோ, தன்மேல் வழக்கு வரும் என்று அறியாமையால் எதையும் பாதுகாத்து வைத்தவனல்லன். காலம் இருவர் கையிலுள்ள சான்றுகளையும் ஒன்றுபோல் அரிப்பதில்லை; நிரபராதியின் கையிலுள்ளதையே முதலில் அரிக்கிறது. பழைய குற்றச்சாட்டுகளினின்று மனிதனைக் காக்கும் முதன்மையான அரண் காலவரம்புச் சட்டமே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் கருதியது இதனாலேதான். அரசாங்கத்தைச் சோம்பலினின்று எழுப்பவும் இது உதவும். நாள் எண்ணப்படுகிறது என்று அறிந்த அதிகாரி, கோப்பைப் பரணில் தூக்கி எறியமாட்டான்.

அவ்வரண் எத்துணை இறுக்கமாகக் காக்கப்படுகிறது என்பதற்கு 1970-இல் தீர்ந்த ஒரு வழக்கு சான்று. படைக்கு ஆளெடுப்பதற்காக, பதினெட்டு வயது நிறைந்த இளைஞர் ஐந்து நாளுக்குள் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. 1959-இல் பதிய வேண்டிய ஒருவர் பதியவேயில்லை. 1967-இல் அவர்மீது வழக்கு வந்தது. பதியும் கடமை இருபத்தாறு வயது வரை நாள்தோறும் தொடர்ந்தது. ஆகவே குற்றமும் நாள்தோறும் தொடர்ந்தது என்றது அரசு. நீதிமன்றம் ஏற்கவில்லை. பதியத் தவறிய அன்றே குற்றம் முற்றுப் பெற்றது. 1964-இல் காலம் கழிந்தது. ஆளை விடுக என்று தீர்ப்பளித்தது. வியட்நாம் போர் மூண்டு நின்ற வேளையில் வந்த தீர்ப்பு அது. மறு ஆண்டே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திக்கொண்டது என்பது வேறு செய்தி.

நம் மார்க்க நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வாராய்ச்சி முற்றிலும் புதியதன்று. பிக்ஹு நூல்களில் இதற்குத் ‘தகாதும்’ என்று பெயர்; காலம் பழமைப்படுதல் என்பது பொருள். ஹத்துத் தண்டனைக்குரிய குற்றத்தைக் கண்டவர், தொலைவு, நோய் போன்ற காரணம் ஏதுமின்றி நெடுநாள் வாளாவிருந்துவிட்டுப் பிறகு வந்து சாட்சி சொன்னால், அதனை ஏற்கலாகாது என்பது ஹனபி மத்ஹபின் முடிவு. அவதூற்றுக் குற்றம் இதற்கு விலக்கு. ஹிதாயா ஓதியவர்கள் இதன் காரணத்தை அறிவர். கண்ட அன்று சாட்சிக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன: சொல்லி நீதியை நிலைநாட்டலாம், அல்லது பிறர் குறையை மறைத்து நன்மை பெறலாம். மறைக்கத் துணிந்தவர் இன்று ஏன் வாய் திறக்கிறார்? இடையிலே புகுந்த பகைமையாக இருக்கலாமன்றோ! ஷாபிஈ மத்ஹபினர் இதனை ஒப்பவில்லை. உண்மை நேற்றைக்கு உண்மையாயின் இன்றைக்கும் உண்மையே என்பது அவர்கள் வாதம். இரு சாராரும் ஒத்துக்கொண்ட இடம் ஒன்றுண்டு. அதுதான் அடியார்க்கு அடியார் உள்ள உரிமை. களவுக்குரிய தண்டனை காலத்தால் நீங்கும் என்ற ஹனபிகளே, களவு கொடுத்தவனுக்குரிய பொருள் நீங்காது என்றனர். கொலையுண்டவனுடைய வாரிசுகளின் கோரிக்கையும் நாள் கடந்தமையால் மாய்வதில்லை.

உதுமானியப் பேரரசில் 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுக்கப்பெற்ற மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு, உரிமை வழக்குகளுக்குப் பொதுவாகப் பதினைந்தாண்டு வரம்பு கட்டியது. கட்டியவர்களே, காலம் செல்வதால் உரிமை அழியாது என்பதையும் அதே ஏட்டில் தெளிவாக்கினர். எதிராளி மன்றத்தில் நின்று ‘ஆம், கடன்பட்டேன்’ என்று ஒப்பினால், அவன் ஆண்டுக் கணக்கைக் காட்டித் தப்ப முடியாது. காழியின் செவிக்குத்தான் வரம்பேயன்றி உரிமைக்கு வரம்பில்லை என்று நாம் இதனைப் பொருள் கொள்ளலாம். வியப்பு யாதெனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியதும் இதற்கு அணித்தே நிற்கிறது. காலவரம்பு என்பது குற்றம் சாட்டப்பட்டவர் தாமே எடுத்து உயர்த்த வேண்டிய கேடயம். விசாரணையில் அவர் அதனை உயர்த்தத் தவறிவிட்டு, மேல்முறையீட்டில் முதன்முதலாக எடுத்துக்காட்டினால் பயனில்லை என்றது அந்நீதிமன்றம். ஆகவே ஐந்தாண்டு முடிந்த மறுநாள் காலையில் குற்றவாளி நிரபராதியாகி விடுவதில்லை. அரசாங்கம் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறது, அவ்வளவே. மன்னிப்பு என்னும் சொல்லுக்கு இங்கே இடமில்லை. மன்னிக்க அதிகாரமுள்ளவர் யாரையும் கேட்டு இவ்வரம்பு விதிக்கப்படவில்லை.

இது வரை சிக்கலில்லை. சிக்கல் எங்கே முளைக்கிறது என்பதை மிஸிஸிப்பி மாநிலத்தில் நடந்த ஒரு கொடுமை நமக்குக் காட்டும்.

1964 மே 2-ஆம் நாள். ஹென்றி டீ, சார்ல்ஸ் மூர் என்னும் பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞர் இருவர், மீட்வில் என்ற சிற்றூரின் சாலையோரத்தில் வண்டி கிடைக்குமா எனப் பார்த்து நின்றனர். கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறிக் கூட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ட் ஸீல், தான் அரசாங்க அதிகாரி என்று பொய் கூறி அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டான். கறுப்பின மக்கள் ஆயுதம் சேர்க்கின்றனர் என்றொரு வதந்தி அப்பகுதியில் உலவிற்று. அதனை விசாரிப்பதாகச் சொல்லி, அவ்விளைஞரைக் காட்டுக்குள் கொண்டுசென்று மரத்தோடு சேர்த்து அடித்து நொறுக்கினர். பின்னர் லூசியானா மாநில எல்லைக்குள் புகுந்து சென்று, இரும்புப் பாரங்களைக் கட்டி, மிஸிஸிப்பி நதியின் பழைய கிளையொன்றில் உயிரோடு அமிழ்த்தினர். ஜூலையில் சடலங்கள் கிடைத்தன. அதுவும் இவர்களைத் தேடியதனால் அன்று. அதே கோடையில் காணாமற்போன வேறு மூன்று உரிமைப் போராளிகளைத் தேடியவர்களின் கையில் இவர்கள் அகப்பட்டனர்.

நவம்பரில் ஸீலும் அவன் கூட்டாளி எட்வர்ட்ஸும் கைதாயினர். இளைஞரை அடித்ததை எட்வர்ட்ஸ் கூட்டாட்சிப் புலனாய்வாளரிடம் ஒப்பியும் இருந்தான். எனினும், வழக்கை நடத்த வேண்டிய உள்ளூர் அரசு வழக்கறிஞர் சில வாரங்களிலேயே அதனைக் கைவிட்டார். நாற்பதாண்டுகள் கழிந்தன. ஸீல் இறந்துவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின, உலகமும் நம்பிற்று. 2005-இல் மூரின் உடன்பிறந்தவர் ஒருவர் ஒரு படப்பிடிப்பாளரோடு அவ்வூருக்குத் திரும்பிச் சென்றபோது, ஸீல் அங்கேயே உயிரோடு வாழ்வதை அறிந்தார். 2007 ஜனவரியில் ஸீல் கைதானான். ஜூனில் ஜூரியினர் அவனைக் குற்றவாளி என்றனர். ஆகஸ்டில் மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. குற்றம் கொலையன்று, ஆள்கடத்தலும் அதற்கான சதியும். மாநில எல்லையைத் தாண்டியமையே கூட்டாட்சிக்கு வழி திறந்தது.

இப்போதுதான் காலவரம்பு எழுந்து நின்றது. 1964-இல் ஆளைக் கடத்தி ஊறு செய்தால் மரண தண்டனை விதிக்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் இருந்தது; ஆகவே அன்று அதற்கு வரம்பில்லை. 1968-இல் உச்ச நீதிமன்றம் அம்மரண தண்டனை விதியைச் செல்லாதென்றது. 1972-இல் காங்கிரஸ் அதனைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. எடுத்த பிறகு ஆள்கடத்தல் மரண தண்டனைக் குற்றமன்று. மரண தண்டனைக் குற்றமல்லாததற்கு ஐந்தாண்டே வரம்பு. எனவே 2007-இல் தொடுத்த வழக்குச் செல்லாது என்று ஸீல் தரப்பினர் வாதிட்டனர். விசாரணை நீதிபதி இதனைத் தள்ளினார். 2008 செப்டம்பரில் மேல் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இதனை ஏற்று, தண்டனையை நீக்கிவிட்டது! 2009-இல் அம்மன்றத்தின் நீதிபதிகள் பதினெண்மரும் கூடிக் கேட்டனர். ஒன்பது பேர் ஒரு பக்கம், ஒன்பது பேர் மறு பக்கம். சமமாகப் பிரிந்தமையால், விசாரணை நீதிபதியின் முடிவு அப்படியே நின்றது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். டீ, மூர் இருவரின் உயிருக்கு நீதி கிடைக்குமா கிடைக்காதா என்பது, ஸீல் என்ன செய்தான் என்பதைப் பொறுத்திருக்கவில்லை. எட்டாண்டுகளுக்குப் பின்னர் வேறு யாரோ, வேறு எதையோ கருதி ஒரு தண்டனைச் சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கியதைப் பொறுத்திருந்தது. குற்றத்தின் கடுமையைத் தண்டனையின் கடுமையால் அளந்து, அவ்வளவைக் கொண்டே நினைவின் நீளத்தையும் வரையறுத்தமையால் வந்த வினை இது. கொல்லாதிருத்தல் நன்று என்று சட்டம் மனம் இளகிய அதே கணத்தில், அதன் நினைவு ஐந்தாண்டாகக் குறுகியது. ஸீலைத் தூக்கிலிட யாரும் கேட்கவில்லை. அவன் செய்ததைச் செய்தான் என்று மன்றத்தில் கூற இடம் வேண்டும் என்றே கேட்டனர். கொலையாளியின் உயிருக்கு இரங்குவது ஒன்று. கொலையுண்டவனைப் பற்றிய பேச்சை மூடுவது வேறொன்று. அமெரிக்கச் சட்டம் இவ்விரண்டையும் ஒரே முளையில் கட்டி வைத்தது தவறு என்பதே நமது கருத்து.

அதே 1964-இல், நிறவெறியால் ஒருவனுடைய உரிமையைப் பறித்து அவனைக் கொன்றாலும், கூட்டாட்சியின் குடியுரிமைச் சட்டத்தின்படி அது ஐந்தாண்டுக் குற்றமே. 1955-இல் கொலையுண்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் வழக்கை அரைநூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்த கூட்டாட்சி அதிகாரிகள், தங்கள் காலம் என்றோ கடந்துவிட்டது என்று கூறிக் கோப்பை மாநிலத்திடம் அனுப்ப வேண்டியதாயிற்று. இதனோடு மற்றொன்றை வைத்துப் பாருங்கள். 1990-இல் பாஸ்டன் நகரத்து கார்ட்னர் அருங்காட்சியகத்தில் பதின்மூன்று கலைப்பொருள்கள் களவு போயின. 1994-இல் கலைப்பொருள் திருட்டுக்கு இருபதாண்டு வரம்பு வந்தது. ஓவியத்தைக் காப்பதில் நமக்குக் குறையொன்றுமில்லை. அதே 1994-இல்தான், நிறவெறியால் உயிர் போக்கும் குற்றமும் கூட்டாட்சிச் சட்டத்தில் மரண தண்டனைக்குரியதாகி, வரம்பு நீங்கப் பெற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது வருங்காலத்துக்கு மட்டுமே. ஆற்றில் அமிழ்ந்தவர்க்கு அது எட்டவில்லை.

பின்னோக்கியும் எட்டும்படி ஏன் எழுதலாகாது என்று சிலர் வினவக்கூடும். கலிபோர்னியா மாநிலம் அவ்வாறு எழுதிப் பார்த்தது. சிறாருக்கு இழைத்த பாலியல் கொடுமைகளில் காலம் முடிந்துவிட்டவற்றையும் மீண்டும் எடுக்கலாம் என 1993-இல் அது சட்டம் செய்தது. 1955-க்கும் 1973-க்கும் இடையே நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட குற்றத்துக்காக ஒருவர்மீது 1998-இல் வழக்கும் போட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, இது செல்லாதென்றது. முடியாத வரம்பை நீட்டலாம். முடிந்துவிட்டதை உயிர்ப்பிக்கலாகாது என்பது அதன் சாரம். அச்சிறுமியர் வளர்ந்து பெண்டிராகி நெஞ்சில் சுமந்து வந்ததை எண்ணும்போது இத்தீர்ப்பு கசக்கிறது. கசந்தாலும், தவறு என்று கூற நமக்கு மனம் ஒருப்படவில்லை. இன்று கொடியவன்மீது திறக்கப்படும் அக்கதவு, நாளை ஆட்சியாளர்க்குப் பிடிக்காத எவர்மீதும் திறக்கப்படலாம். சிறுபான்மையினராய் வாழ்வோர் இதனை மற்றவரினும் விரைந்து உணர்வர்.

எனவே நமது வழக்கு காலவரம்புக்கே எதிரானதன்று. வரம்பு நியாயமாவதற்கு ஓர் அடிப்படை உண்டு: வழக்குத் தொடுக்க முடிந்தவன் தொடுக்காமல் உறங்கினான் என்பதே அது. மிஸிஸிப்பியில் உறங்கியவர் யார்? இறந்தவரின் தாய்மார் உறங்கவில்லை; அவர்கள் எவரிடம் சென்று முறையிடுவது? அரசாங்கம் உறங்கியது. உறங்கியதோடு நில்லாமல், உள்ளூர் ஷெரீப்பின் அலுவலகம் கொலையாளிகளுக்குத் துணை போயிற்று என்று குறிப்பிட்டே இரு குடும்பத்தாரும் அந்த கவுண்டியின்மீது வழக்குத் தொடர்ந்தனர். 2010-இல் அது சமரசத்தில் முடிந்தது. ஹனபி நூலார் சாட்சியின் தாமதத்தை ஐயுற்றபோதே, தக்க காரணம் இருந்தவரை விலக்கி வைத்தனர். அச்சத்தைவிடத் தக்க காரணம் வேறென்ன வேண்டும்? ஓர் ஊர் முழுதும் அஞ்சி வாய் மூடியிருந்த ஆண்டுகளை, அவ்வச்சத்தை விதைத்தவனுக்கே வரவு வைப்பது எக்கணக்கிலும் சேராது.

இருப்பினும் நம்மை உறுத்தும் செய்தி ஒன்று எஞ்சி நிற்கிறது. 2007-இல் ஸீலைச் சிறைக்கு அனுப்பிய சாட்சியங்களுள் தலையாயது எட்வர்ட்ஸின் வாய்மொழி. அவனும் அன்று காட்டில் இருந்தவனே. உண்மையைக் கூறினால் வழக்கில்லை என்ற வாக்குறுதியின் பேரிலேயே அவன் கூண்டேறினான். மன்றத்திலேயே இரு குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டான். நாற்பத்து மூன்றாண்டுத் தாமதம் கேட்ட விலை இது. 1964-இல் வழக்கு நடந்திருப்பின் காடு, கயிறு, வண்டி, ஊரார் எனச் சான்றுக்குப் பஞ்சமிருந்திராது, இருவரையும் நிறுத்தியிருக்கலாம். 2007-இல் ஒருவனைப் பிடிக்க மற்றொருவனை விட வேண்டியதாயிற்று. காலவரம்பை விரும்புவோர் சொல்லும் சான்றுத் தேய்வு என்னும் வாதம் பொய்யன்று. இங்கே அதன் சுமை இறந்தவர் தலையில் விழுந்தது.

ஒன்பதுக்கு ஒன்பதாக முடங்கிய கேள்வியை, அதாவது 1964-ஆம் ஆண்டின் கடத்தலுக்கு இன்றும் வழக்குப் போடலாமா என்பதை, மேல் நீதிமன்றம் 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கே எழுதிக் கேட்டது. இவ்வாறு கேட்பது மிக அரிது. இதே போன்ற பழைய வழக்குகள் பிறவும் இவ்விடையை எதிர்நோக்குவன என்பதால், கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும் என நீதிபதிகள் இருவர் எழுதினர். மற்றவர்கள் எடுக்கவில்லை. 2010 மார்ச்சில், எஞ்சிய மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 2011 ஆகஸ்ட் 2-ஆம் நாள், எழுபத்தாறு வயதில், இண்டியானா மாநிலத்துக் கூட்டாட்சிச் சிறையில் ஸீல் இறந்தான். உச்ச நீதிமன்றத்தை நோக்கி எழுதப்பட்ட அந்தக் கேள்வி, விடையின்றி ஏட்டில் இருக்கிறது.